கொம்பையா மாமா காத்துக்கு நம்பர் சொன்ன கதை

இதுல வர்ற டயர் நாலும் நெஜம். காத்து மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், கண்டுக்காதீங்க.

வண்டலூர் தாண்டி செங்கல்பட்டு போற ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்க். விடிஞ்சும் விடியாத நேரம். காத்து புடிக்கிற மிஷினுக்கு முன்னாடி ஒரு சின்ன சிவப்புக் கார் நிக்குது. டிக்கி மூடவே மாட்டேங்குது. உள்ள பெட்டி படுக்கை, கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்க ஒரு கிரைண்டர், அதுக்கு மேல செண்பகம் அத்தை ஊருக்குத் தூக்கிட்டுப் போற பிளாஸ்டிக் குடங்க. அத்தனையையும் நைலான் கயித்தால இழுத்துக் கட்டி வச்சிருக்கு.

கார் முப்பிடாதியோடது. ஆபீஸ்ல எல்லாரும் முப்பின்னுதான் கூப்புடுவாங்க, நாமளும் அப்படியே கூப்புடுவோம். சொந்தச் சம்பளத்துல வாங்குன கார். ஒரு வருஷமா தினமும் சேலையூர்லேர்ந்து சிறுசேரிக்கு ஓட்டிட்டுப் போய்ட்டு வர்றா. மழை நாள்ல மேடவாக்கம் ஜங்ஷனைத் தாண்டினவளுக்கு எமலோகத்து ரோடுகூட பெரிய விஷயம் இல்ல. ஆனா ஹைவேல மட்டும் இதுவரைக்கும் ஓட்டினதில்ல.

மறுநாள் அம்பாசமுத்திரத்துல அவ பெரியம்மா பொண்ணுக்குக் கல்யாணம். முப்பிக்கு ஒரே ஆசைதான். பந்தல் முன்னாடி, சொந்தக்காரங்க அத்தனை பேரும் வாயைப் பொளந்து பாக்கும்போது, இந்தக் கார் போய் நிக்கணும். டிரைவர் பக்கத்துக் கதவு திறக்கணும். அதுலேர்ந்து அவ இறங்கணும். அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் கேக்கல பாருங்க.

அந்த ஆசைக்குக் குறுக்க ஒரு மலை நின்னுச்சு. பேரு கொம்பையா மாமா. அம்மாவோட கூடப் பொறந்த அண்ணன். கார் ஊருக்கு வருதுன்னு போன்ல கேட்ட உடனே, பொண்டாட்டி செண்பகம் அத்தையையும் கூட்டிக்கிட்டு அம்பாசமுத்திரத்துலேர்ந்து ரயிலேறி வந்து இறங்கிட்டாரு. எதுக்கு? காரை ஓட்டிட்டுப் போக! "பச்சப்பிள்ள, ஹைவேல தனியா ஓட்டுமா? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" அம்மா ஆவுடையம்மாளும் "அண்ணன் ஓட்டட்டும்டி, ஆம்பளை கை"ன்னு சொல்லிட்டாங்க. கார் சாவி மாமா விரல்ல கிர்ருன்னு சுத்துது. கருக்கல்லயே கூலிங் கிளாஸ் வேற.

மிஷின்கிட்ட தஸ்தகீர்னு ஒருத்தர். நாப்பது வயசு இருக்கும். ராத்திரி ஷிஃப்ட் பூரா பேச்சுத் துணைக்கு ஆளில்லாம வாய் காஞ்சு போயிருந்தாரு. டியூபை முன்பக்கத்து டயர்ல சொருகிட்டு நிமிந்தாரு. மிஷின்ல முப்பத்தொண்ணுன்னு காட்டுது.

"காத்து எவ்ளோ சார் வைக்கணும்?"

முப்பி முந்திக்கிட்டா. "முப்பத்தாறு அண்ணா. கதவோரத்துல ஸ்டிக்கர்லயே போட்டிருக்கு. ரெண்டு மூணு பேரு போனா முப்பத்திமூணு, ஆளும் சாமானும் நெறஞ்சா முப்பத்தாறு. இப்ப டயர் சூடாகாம இருக்கு, இப்பவே வச்சாதான் கணக்கு சரியா வரும்."

மாமா கூலிங் கிளாஸைக் கழட்டி, அவளை ஒரு பார்வை பாத்தாரு.

"ஸ்டிக்கரா? மருமவளே, ஸ்டிக்கர் ஒட்டுனவன் ஹைவேயக் கண்ணால பாத்திருப்பானா? ஏசி ரூமுக்குள்ள உக்காந்து எச்சியத் தொட்டு ஒட்டிருப்பான். தம்பி, நீங்க முப்பத்தெட்டு வைங்க."

"மாமா, முப்பத்தாறு போதும்..."

"ஏ பிள்ள, எங்க அம்பாசமுத்திரம் வேன் ஸ்டாண்டுல ஒரு சட்டம் உண்டும், கேட்டுக்கோ. எவன் சொன்ன காத்து டயர்ல இருக்கோ, அவந்தான் ஸ்டீரிங்கப் பிடிக்கணும். அடுத்தவன் காத்துல வண்டி ஓட்டுததும் அடுத்தவன் பல்செட்ட மாட்டிக்கிட்டு கறி திங்கதும் ஒண்ணு. இப்பம் சொல்லு. ஓட்டப் போறது யாரு?"

அம்மா உடனே, "அண்ணந்தான்" ன்னாங்க.

"அப்பம் நம்பரு யாரு சொல்லணும்?"

முப்பிக்குப் புரிஞ்சு போச்சு. இந்த நம்பர்லதான் எல்லாமே இருக்கு. முப்பத்தாறு நின்னா ஸ்டீரிங் அவளுக்கு, பந்தல் அவளுக்கு. மாமா நம்பர் நின்னா இடது சீட்டும், மடியில ஒரு குடமும்.

"மாமா, அதிகம் வச்சா நல்லதில்ல. ரோட்டைப் புடிக்காது, பிரேக் அடிச்சா வழுக்கும்."

அவ்வளவுதான் சொன்னா. மாமா தொண்டையக் கனைச்சாரு. அத்தை மெதுவா கார் பானெட் மேல சாஞ்சுக்கிட்டாங்க. இருவத்தஞ்சு வருஷமா கூட வாழ்ந்தவங்களுக்குத் தெரியாதா, அந்தக் கனைப்புக்கு அப்புறம் என்ன வரும்னு.

"தம்பி, நாப்பது வைங்க. ஏன்னு சொல்லுதேன். ஒரு சித்திரை மாசம், விழுப்புரம் பக்கம் வாரேன். இந்தப் பிள்ளைய மாதிரியே ஸ்டிக்கர நம்பி முப்பத்தாறு வச்சிருந்தேன். வெயிலு அடிக்கி பாரு வெயிலு! தார் ரோடு கொதிச்சு கொமிழி வருது. டயருக்குள்ள இருந்த காத்து பூரா ஆவியாப் போயிட்டு."

"ஆவியாப் போறதுக்கு அது என்ன இட்லிக் கொப்பரையா?" ன்னாங்க அத்தை.

வேற யாரா இருந்தாலும் அங்கயே மாட்டிருப்பாங்க. மாமா கண்ணு பளிச்சுன்னு மின்னுச்சு.

"பாத்தியா, சொல்ல மறந்தேன்! கொப்பரையேதான். நாலு டயர் மேலயும் ஈரத்துணியப் போட்டேன், மாவ ஊத்தினேன். மல்லிகைப்பூ மாதிரி இட்லி. பஸ்ஸ நிறுத்திட்டு வந்து சாப்புட்டுட்டுப் போறான் ஒவ்வொருத்தனும். விழுப்புரத்து ஓட்டல்காரன் ஒருத்தன் ஓடி வந்து, அண்ணாச்சி, பின் டயரு ரெண்டையும் எனக்குக் குடுத்திருங்கன்னு காலப் பிடிச்சுட்டான். நாப்பத்திரெண்டு வைங்க தம்பி."

"மெய்யாலுமா சார்?" தஸ்தகீர் பட்டனை அமுக்கினாரு. "சட்னிக்கு இன்னா பண்ணீங்க?"

"அது ரேடியேட்டர்ல இருந்துச்சு."

மிஷினு பழசு. நெஞ்சுச்சளி புடிச்ச மாதிரி கர்ருபுர்ருன்னு இழுத்து இழுத்துத்தான் ஏத்துது. முப்பத்திரெண்டு. முப்பத்திமூணு.

அம்மாவுக்கு லேசா பயம் வந்துருச்சு. "அண்ணே, அவ்வளவு வச்சா வண்டி குதிக்காதா?"

"குதிக்கணும் ஆவுட! குதிக்கதுக்குத்தான வைக்கோம்! நாப்பத்தஞ்சு வைங்க தம்பி. நாப்பத்தஞ்சுல ஒருக்க திண்டிவனத்துல இருந்து கெளம்புதேன். ஒரு குதி. அடுத்து டயரு தரையத் தொட்டது உளுந்தூர்ப்பேட்டையில. நடுவுல ரெண்டே எடத்துலதான் இறங்குனேன்."

"அது எதுக்கு இறங்குனீங்க?"

"ஒண்ணு டீ குடிக்க. இன்னொண்ணு, குடிச்ச டீய எறக்க. அந்த டயரு இன்னைக்கும் துளிகூடத் தேயாம இருக்கு. கடைக்காரன்ட்ட கொண்டு போனேன், இது இன்னும் பொறக்கவே இல்லயே அண்ணாச்சின்னுட்டான்."

"நல்ல வேளை, அந்த டீயையும் மேல பறந்துக்கிட்டே குடிச்சேன்னு சொல்லிருவீகளோன்னு பயந்தேன்." இது அத்தை.

முப்பி மிஷினைப் பாத்தா. முப்பத்தெட்டு. அவ காரு! போன மாசம்தான் அந்த நாலு டயரையும் ஷாம்பு போட்டுக் கழுவியிருந்தா. சரி, இவருக்கு நியாயமா எடுத்துச் சொல்லுவோம், படிச்ச புள்ள சொன்னா கேக்காமலா இருப்பாருன்னு நெனைச்சா. பாவம்.

"மாமா, கேளுங்க. ஹைவேல வேகமாப் போகப் போக டயர் சூடாகும். சூடானா உள்ள இருக்கிற காத்து ஆவியாப் போகாது, இன்னும் ஏறும். இப்பவே நாப்பத்தஞ்சு வச்சா திருச்சி வரும்போது அம்பதைத் தாண்டிரும். ஒரு பள்ளத்துல விட்டா அவ்வளவுதான்."

"அம்பதா?" மாமா கையத் தட்டினாரு. "அப்பிடிச் சொல்லு! அம்பதுல என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன் கேளு. தம்பி, அம்பதே வைங்க, நம்ம மருமவளே ஆசப்படுதா. விக்கிரவாண்டி டோல்கேட்டு. கம்பிய எறக்கிட்டான். முன்னால ஒரு வேகத்தடை. டயரு அதுல பட்டுச்சு பாரு... சொய்ங்! நான் மேல. டோல்கேட்டு கீழ. ரசீதுக்காரன் அண்ணாந்து பாத்து, அண்ணாச்சி, மேல்மாடி வண்டிக்கு எங்ககிட்ட சீட்டு இல்லன்னு கத்துதான். ஒரு பருந்து எனக்கு நேரா வந்துட்டு. ஹாரன் அடிச்சேன். ஒதுங்கி எடங்குடுத்துட்டு. நல்ல பருந்து."

"பருந்து லெஃப்ட்ல ஒதுங்குச்சா, ரைட்லயா சார்?" தஸ்தகீருக்கு மூச்சே நின்னு போச்சு.

"லெஃப்ட்லதான். ரூல்ஸ் தெரிஞ்ச பருந்து. அப்புறம் அதுக்கும் கால் வலி, பானெட்டுல உக்காந்து சமயபுரம் வரைக்கும் வந்துட்டு. எறங்கும்போது றெக்கையத் தூக்கிக் கும்பிட்டுட்டுப் போச்சு."

"பருந்துக்கு எதுக்குங்க கால் வலிக்கும்? அது பறக்கத்தான செய்யுது?"

மாமா அத்தையைப் பாத்தாரு. அந்தக் கேள்வி குண்டூசி மாதிரி குத்துச்சுன்னு முகத்துலயே தெரிஞ்சுது. குத்தினா காத்து எறங்கணும்ல? எறங்கல. ஏறிடுச்சு!

"தம்பி! அறுவது வைங்க!"

"அறுவதா சார்?"

"அறுவது! செம்பகம், நீ கயத்தாறு பக்கம் காத்தாலை பாத்திருக்கேல்லா? அன்னைக்கு ஒரு இலை அசையல. அத்தன ராட்சசக் காத்தாடியும் செத்த பொணமா நிக்கி. திருநெல்வேலி ஜில்லா பூரா கரண்ட் இல்ல. இஞ்சினியர் ரோட்டுல உக்காந்து தலையில கைய வச்சு அழுவுதான். நான் வண்டிய நிறுத்துனேன். அழாதடே தம்பின்னேன். அறுவது இருந்த டயருல வால்வுப் பின்ன இம்புட்டுக்காண்டு, நகக்கண்ணு அளவுக்கு, தொறந்து விட்டேன். புஸ்ஸுன்னுச்சு. அம்புட்டுக் காத்தாடியும் ஒண்ணா சுத்துது! பாளையங்கோட்டையில கிரைண்டர் ஓடுது, தென்காசியில மோட்டார் ஓடுது, கரண்டு ஜாஸ்தியாயி எங்க வீட்டு மீட்டரு பின்னால சுத்துது. ஊருக்கே வெளிச்சம் குடுத்துட்டு டயர அழுத்திப் பாக்கேன், நாப்பத்திரெண்டு மிச்சம் இருக்கு!"

"எங்க வீட்டுல அப்ப மீட்டரே கெடையாதே" ன்னாங்க அத்தை.

"அறுவத்தஞ்சு வைங்க தம்பி!"

தஸ்தகீர் பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. மிஷினு இருமி இருமி ஏத்திக்கிட்டே இருந்துச்சு. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு. முன் டயரு கன்னம் உப்புன கொழந்தை மாதிரி ஆயிட்டே வருது.

அப்பதான் முப்பிக்கு மண்டையில பளிச்சுன்னு அடிச்சுது.

யோசிச்சுப் பாருங்க. இவரு ஆரம்பிச்சது எங்க? முப்பத்தெட்டுல. அவ வேணாம்னா, நாப்பது. அத்தை இட்லின்னு கேட்டாங்க, நாப்பத்திரெண்டு. அம்மா குதிக்குமான்னு பயந்தாங்க, நாப்பத்தஞ்சு. அவளே நியாயம் பேசினா, அம்பது. பருந்து காலு, அறுவது. மீட்டரு, அறுவத்தஞ்சு. மாமாவுக்குக் காத்து அடிக்கிறது மிஷின் இல்ல. இவங்க மூணு பேரும்தான்! இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா நூறைத் தாண்டிரும், டயரும் காரும் கிரைண்டரும் தனித்தனியா அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்.

அத்தை அடுத்த கேள்விக்கு வாயத் திறந்தாங்க. முப்பி அவங்க கையைப் புடிச்சு லேசா அமுக்கினா. அப்புறம் கொரலை நல்லெண்ணெய் மாதிரி வழுவழுன்னு ஆக்கிக்கிட்டா.

"மாமா, எல்லாம் சரி. நான் நம்புறேன். ஒரே ஒரு வருத்தம்தான்."

"என்னம்மா?"

"டோல்கேட்டைத் தாண்டினது அம்பது பாயிண்ட் காத்து. காத்தாடியைச் சுத்தினது அறுவது பாயிண்ட் காத்து. இதுல எங்க மாமா என்ன செஞ்சாரு? எல்லாப் பேரையும் காத்தே வாங்கிட்டுப் போயிடுச்சே."

மாமா கூலிங் கிளாஸைச் சட்டையில துடைக்க ஆரம்பிச்சாரு.

"எங்க ஆபீஸ் பஸ்ஸுல ஒரு டிரைவர் இருக்காரு. செங்கோட்டைக்காரர். அவர் சொல்லுவாரு, காத்தைக் கூட்டி ஓட்டுறவன் கத்துக்குட்டி, கொறச்சு ஓட்டுறவன்தான் சூரன்னு. நாப்பதுலயே மதுரை வரைக்கும் போய்ட்டு வந்தவராம்."

ஆபீஸ் பஸ்ஸும் கிடையாது, செங்கோட்டைக்காரரும் கிடையாது. அந்த ஆளு பொறந்து அஞ்சு விநாடிகூட ஆகல. ஆனா என்ன வேலை பாத்தாரு தெரியுமா!

"செங்கோட்டைக்காரனா?" மாமா மூக்கு விடைச்சுது. "நாப்பதுல மதுரைக்குப் போனானாம், மதுரைக்கு! அதையும் வெளிய சொல்லுதானா வெக்கமில்லாம? தம்பி, எறக்குங்க! எறக்குங்கங்கேன்!"

"எவ்ளோ சார்?"

"முப்பத்தெட்டு! இல்ல, அதுவும் ஜாஸ்தி. முப்பத்தாறு! முப்பத்தாறுல நான் கல்யாண வேன் ஓட்டிருக்கேன். உள்ள முப்பது பேரு, மேல முப்பது பேரு, நடுவுல மேளகாரன், நாயனக்காரன். பாபநாசம் மலைப்பாதை. ஒரு குலுக்கல் உண்டுமா? மாப்ள மடியில ஒரு டம்ளரு பாயசம். தளும்பல. முந்திரிப்பருப்புகூட எடம் மாறல."

டிங்! மிஷினு முப்பத்தாறுல நின்னுச்சு.

அந்தச் சத்தம் முப்பி காதுல நாதஸ்வரமா விழுந்துச்சு. தஸ்தகீர் நகரக் காணோம். மாமா வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. முப்பியே குனிஞ்சு டியூபைப் புடுங்கினா, மூடியைத் திருகினா, அடுத்த டயருக்கு ஓடினா.

"முப்பத்தாறெல்லாம் ஒரு காத்தா?" மாமா இப்ப மலையிறக்கத்துல பிரேக் இல்லாத வண்டி. "இருவதுல வல்லநாட்டுப் பக்கம் போயிருக்கேன். காத்து கம்மியா இருந்தா டயருக்குச் சத்தமே இருக்காது, பூனை நடக்க மாதிரி. வல்லநாட்டு மானெல்லாம் வண்டின்னே தெரியாம கூடவே நடந்து வருது. ஒரு மான் ஜன்னலுக்குள்ள தலைய விட்டு என் சட்டைப் பையில இருந்த வெத்தலையத் தின்னுட்டு."

"சுண்ணாம்பு தடவினதா சார், தடவாததா?"

"தடவாதது. மானுக்கு வாய் வெந்துராதா?"

டிங். ரெண்டாவது டயரு முப்பத்தாறு. முப்பி பின்பக்கத்துக்குப் போனா.

"அட, காத்தே இல்லாம ஓட்டிருக்கேன்யா! மணிமுத்தாறு காட்டுக்குள்ள நாலு டயரும் பூரா எறங்கிட்டு. பம்பு கெடையாது. பக்கத்துல இவ உக்காந்திருக்கா, செம்பகம். வால்வ இவ வாய்கிட்ட வச்சேன். உங்க அண்ணன் பொண்டாட்டி உன்னையப் பத்தி என்னமோ சொன்னாளாம்லான்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். நாலு டயரும் நெறஞ்சு ஸ்டெப்னியும் நெறஞ்சு போச்சு."

எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பாத்தாங்க. அத்தை அசரவே இல்ல. "பாதிதான் என் பேச்சு. மீதிக்கு நீங்க ஊதினீய. என் காத்து மறுநாளே எறங்கிட்டு. உங்க காத்துதான் இன்னும் எறங்க மாட்டேங்கு."

தஸ்தகீர் சிரிச்ச சிரிப்புல பங்க்ல தூங்கிக்கிட்டு இருந்த நாய் எழுந்து ஓடிருச்சு. மாமா அதையும் கண்டுக்கல.

"டயரே இல்லாம ஓட்டிருக்கேன்! நாலு பனங்காய மாட்டி தூத்துக்குடி வரைக்கும். போற வழியெல்லாம் பழ வாசனை. பின்னால ஒரு ஊரே மோந்துக்கிட்டு வருது. அதெல்லாம் வேண்டாம், வண்டியே இல்லாம ஓட்டிருக்கேன். வெறும் ஸ்டீரிங்க மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு கோவில்பட்டி பைபாஸுல போறேன். எண்பதுல போறேன். போலீஸ்காரன் மறிச்சுட்டான். வண்டி எங்கங்கான். ஓவர்ஸ்பீடுல போறேன், அது பின்னால வருது சார்னேன். சல்யூட் அடிச்சு விட்டுட்டான்."

டிங். மூணாவது.

கடைசி டயர்கிட்ட முப்பி உக்காந்துகிட்டே கேட்டா, "அப்ப ஸ்டீரிங் இல்லாம ஓட்ட முடியாதுல்ல மாமா? அந்தச் செங்கோட்டைக்காரர்கூட அது மட்டும் யாராலயும் முடியாதுன்னு சொன்னாரு."

இப்ப அவளுக்கு எந்தக் காத்தை எப்ப ஏத்தணும், எப்ப எறக்கணும்னு நல்லா புடிபட்டுப் போச்சு.

"யாரு சொன்னது முடியாதுன்னு?" மாமா நெஞ்சுல அறைஞ்சாரு. "ஸ்டீரிங்கத் தொடாம ஓட்டுவேன்! இடது சீட்டுல உக்காந்துக்கிட்டு ஓட்டுவேன்! கையக் கட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, மனசால ஓட்டுவேன்! வண்டிக்கு நான் நெனச்சாப் போதும்!"

"அம்மாடியோவ்" ன்னாரு தஸ்தகீர்.

டிங்.

முப்பி கையத் தட்டிட்டு எழுந்தா. நாலு டயரும் முப்பத்தாறு. அவ முகத்துல அப்படி ஒரு பக்தி.

"மாமா, இதை நான் பாத்தே ஆகணும். அம்மாவும் பாக்கட்டும். இன்னைக்கு அப்படியே ஓட்டுங்க."

"எப்படி?"

"இடது சீட்டுல உக்காந்து, கையக் கட்டிக்கிட்டு, மனசால."

தஸ்தகீர் ஓடிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து புடிச்சுக்கிட்டு நின்னாரு, மகாராஜாவுக்குத் திறக்கிற மாதிரி. "ஏறுங்க சார்! என் நாப்பது வயசுல இப்டி ஒரு டிரைவரை நான் பாத்ததில்ல சார்!"

இப்படி ஒரு ரசிகன் முன்னாடி எந்த மனுஷனால பின்வாங்க முடியும், சொல்லுங்க? மாமா ஏறிட்டாரு. ஏறினதுக்கு அப்புறம்தான் கேட்டாரு. "சரி, அப்பம் நீ எதுக்கு அந்தப் பக்கம் ஏறுத?"

"டிரைவர் சீட்டு காலியா இருந்தா போலீஸ்காரன் புடிப்பான்ல மாமா? உங்க மனசு அவனுக்குத் தெரியுமா? சும்மா, வயக்காட்டுப் பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். ஸ்டீரிங் தானா திரும்பும்போது கை அது மேல இருந்தா பாக்க நல்லாருக்கும்."

மாமா யோசிச்சாரு. "சாவி?"

"சாவியையும் மனசாலயா திருகுவீங்க? அது வேணாம் மாமா, உங்களை எதுக்குச் சின்ன வேலைக்கெல்லாம் தொந்தரவு பண்ணிக்கிட்டு."

மாமா சாவியைக் குடுத்துட்டாரு.

பின் சீட்டுல அம்மா அத்தை காதுல, "மதினி, யாரு சொன்ன காத்து இப்ப டயர்ல இருக்கு?"ன்னு கேட்டாங்க. "ஒம் மவ சொன்னதுதான். சும்மா இரு, அவியளுக்குக் கேட்டா மறுபடி ஏறிரும்" ன்னாங்க அத்தை.

வண்டி கெளம்பிச்சு. அய்யோ, அந்த ரோடு! செங்கல்பட்டு ஏரி பக்கம் வெளிச்சம் பொலபொலன்னு வருது, முப்பி கையில ஸ்டீரிங் வெண்ணெயா திரும்புது, முப்பத்தாறு பாயிண்ட் காத்து ரோட்டைப் புடிச்சுக்கிட்டு ஸ்ஸ்ஸ்னு பாடுது. முதல் கொஞ்ச தூரம் மாமா ரொம்பக் கவனமா ஓட்டினாரு. கையக் கட்டிக்கிட்டு, "இப்பம் லேசா வலது பக்கம் நெனைக்கேன்" ன்னாரு. லாரி வந்தா, "பிரேக்க நெனச்சுட்டேன், பயப்படாதீங்க" ன்னாரு. கண்ணையும் மூடிக்கணும்னு அவரே சொல்லியிருந்தாரா? மூடினாரு. மதுராந்தகம் வரதுக்குள்ள நெனைப்பே நின்னு போச்சு. வாய் லேசாத் திறந்து, தலை சீட் பெல்ட்ல தொங்கி, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை எல்லாத்தையும் ஒரு பருந்துகூட ஒதுங்காம தாண்டினாரு. திருச்சியில சாப்பாட்டுக்கு எழுப்பினாங்க. அஞ்சு புரோட்டா சாப்பிட்டுட்டு, மனசால ஓட்டுறது உடம்புக்கு எவ்வளவு அசதின்னு சர்வர்கிட்ட சொல்லிட்டு, வந்து மறுபடி ஓட்ட ஆரம்பிச்சாரு. மதுரைக்கும் கயத்தாறுக்கும் நடுவுல குறட்டை கண்ணாடியில எதிரொலிச்சுது. காத்தாலையெல்லாம் அதுபாட்டுக்கு தானா சுத்திக்கிட்டு இருந்துச்சு.

சாயங்காலம் அம்பாசமுத்திரம். பந்தல் வாசல்ல வாழை மரம், டியூப் லைட்டு, மைக் செட்டு, சொந்தக்காரங்க கூட்டம். சிவப்புக் கார் வந்து ஒரு தூசி கெளப்பாம நின்னுச்சு. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்துச்சு. முப்பி இறங்கினா. ஒரு நிமிஷம் மைக் செட்டுக்காரன்கூட பாட்டு மாத்த மறந்துட்டான். பெரியம்மா கன்னத்துல கைய வச்சுக்கிட்டாங்க. "ஏட்டி முப்பிடாதி! மெட்ராஸுல இருந்து நீயா ஓட்டிட்டு வந்த?"

முப்பி பதில் சொல்றதுக்குள்ள இடது பக்கக் கதவு திறந்துச்சு. மாமா இறங்கினாரு. கண்ணைக் கசக்கினாரு, கூலிங் கிளாஸை மாட்டினாரு, நெஞ்சை நிமித்தினாரு.

"அவ எங்க ஓட்டினா? அவ சும்மா பொம்மைக்கு உக்காந்திருந்தா. அம்புட்டுத் தூரமும் நாந்தான் ஓட்டினேன். ஸ்டீரிங்கத் தொடல, கண்ணத் தொறக்கல. வேணும்னா என் பொண்டாட்டியக் கேளு!"

கூட்டம் மொத்தமும் செண்பகம் அத்தை பக்கம் திரும்புச்சு. அத்தை இறங்கி, சேலைக் கொசுவத்தை நிதானமா நீவி விட்டுக்கிட்டு நிமிந்தாங்க.

"ஆமா, அவியதான் ஓட்டினாவ. கொறட்டைக்கு மட்டும் கடைசி வர கியர் மாத்தல."